புல்லட் போட்ட குட்டி

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பின்புறம், சாக்கு தைக்கிறவர்களும் வெல்டிங் பட்டறைக்காரர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற சந்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஊர் ஜும்மாவுக்கும் சாப்பாட்டுக்குமாகக் கலைந்திருந்த வேளையில், கமிஷன் கடை சிவஞானம் அண்ணாச்சியின் புல்லட் ஒரு குட்டி போட்டது.

போட்டது மைதீன் பிச்சையின் ஒர்க்‌ஷாப்புக்குள் என்பதால் முதலில் பார்த்தவனும் அவன்தான். தொழுதுவிட்டு வந்து, ஷட்டரைத் தூக்கி, தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, உள்ளே இருந்த நிழலுக்குக் கண் பழகும்வரை நின்றவனுக்கு, புல்லட்டின் வயிற்றை ஒட்டினாற்போல வெள்ளாட்டு உயரத்தில் இன்னொரு வண்டி நிற்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. உடம்பெல்லாம் ஆயில் ஈரம். முகவிளக்கின் மேல் மெல்லிய சவ்வு. சீட்டு சரியாக மூடாமல் ஓரத்தில் பஞ்சு தெரிந்தது. நம்பர் பிளேட் இல்லை, சாவி போடத் துவாரம் இல்லை, ஸ்டாண்டு இல்லை, ஆனாலும் விழாமல் தாயின் சைலன்சரில் சாய்ந்துகொண்டு நின்றது. மைதீன் பிச்சைக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒன்றும் ஓடாதபோது அவன் கை வழக்கமாக எதைச் செய்யுமோ அதைச் செய்தது. ஒரு வேஸ்ட் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தது.

துடைக்கத் துடைக்கத்தான் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. கொஞ்ச நாளாகவே புல்லட் கனக்கிறது, மேட்டில் மூச்சு வாங்குகிறது, பெட்ரோலை வாரிக் குடிக்கிறது என்று அண்ணாச்சி குறைபட்டுக்கொண்டுதான் இருந்தார். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் குமட்டுகிற மாதிரி உறுமி அணைந்துபோகிறது என்றார். எங்கே நிறுத்தினாலும் தானாக உருண்டுபோய் எலுமிச்சைச் சாக்கில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது என்றும் சொன்னார். மைதீன் பிச்சை கார்புரேட்டரைக் கழுவினான், பிளக்கை மாற்றினான், எஞ்சின் ஆயிலை மாற்றினான். புளிப்பைத் தேடிப் போகிற வண்டிக்கு வேறு என்ன பார்ப்பது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"சொரிமுத்தண்ணே, இங்கன கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."

எதிர்த்த டீக்கடை சொரிமுத்து கையில் வடிகட்டியோடு வந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"எப்பம் பெத்துச்சு?"

"தெரியலண்ணே. நான் பள்ளிவாசலுக்குப் போயிருந்தேன்."

"பெட்ரோல் ஏதும் குடுத்தியா?"

"இல்லயே."

"பச்சப்புள்ளையப் பட்டினி போட்டுட்டுத் தொடச்சுக்கிட்டு நிக்கே. சேனை வையிவே மொதல்ல."

சேனை என்றால் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக வைக்கிற சர்க்கரைத் தண்ணீர். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். மைதீன் பிச்சை இடது கைச் சுண்டுவிரலைப் பெட்ரோலில் முக்கி, குட்டியின் டேங்க் வாயில் ஒரு சொட்டு விட்டான். அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு முறை தும்மியது. பிறகு யாரும் கிக்கரை மிதிக்காமலே ஓட ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்தில்தான் சங்கதி வேறு பக்கம் திரும்பிற்று. அடிச்சத்தம் தாயைப் போலவே கனத்துத் துடித்து வந்தது. ஆனால் புகை நீலமாக வந்தது, டூ ஸ்ட்ரோக் வண்டியின் எண்ணெய் வாடையோடு வந்தது. சந்தில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒர்க்‌ஷாப்பின் உள்மூலையைப் பார்த்தார்கள். அங்கே, கிளட்ச் பிளேட் வராமல் மாதக்கணக்கில் நிறுத்திவைத்திருந்த ஜெபமணி டீச்சரின் டூ ஸ்ட்ரோக் வண்டி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஜெபமணி டீச்சர் பெண்கள் பள்ளியில் கணக்கு எடுப்பவர். வண்டி ஓடின காலத்தில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தானே ஓட்டிப் பள்ளிக்குப் போய்வந்தவர். அவர் சாயங்காலம் வந்தபோது சந்தில் வழி விடுகிற தினுசே மாறியிருந்தது. சாக்கு தைக்கிற பெண்கள் எழுந்து நின்று, "வாங்க டீச்சர், பேரப்புள்ளையப் பாக்க வந்தியளா?" என்றார்கள். விஷயத்தைக் கேட்டதும் டீச்சருக்குக் காது சிவந்துவிட்டது.

"என்ன பாய் இது? என் வண்டிய உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்?"

"நான் ரெண்டு வண்டியையும் தள்ளித்தான் நிறுத்தியிருந்தேன் டீச்சர்," என்றான் மைதீன் பிச்சை. சொன்ன பிறகு, எதற்காக இப்படி ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

மோட்டார் வண்டி எப்படிக் குட்டி போடும் என்று யாராவது ஒருவர் கேட்டுவிட மாட்டார்களா என்று அவன் காத்துக்கொண்டே இருந்தான். இருபது வயதிலிருந்து எஞ்சின் பிரிக்கிறவன், ஒரு வண்டிக்குள் இருக்கிற அத்தனையும் அவன் கை தொட்டு எடுத்து வைத்தவைதான். அதற்குள் இன்னொரு வண்டி எங்கே இருந்திருக்க முடியும்? ஆனால் ஊருக்கு அந்தக் கேள்வியில் ருசி இல்லை. பிள்ளை யாருக்குச் சேர்ந்தது, யார் வீட்டில் வளர வேண்டும், யார் என்ன முறை செய்ய வேண்டும் என்பதில்தான் ஊர் இறங்கிற்று. முன்பின் பேசிப் பழகாத அண்ணாச்சியும் டீச்சரும் சம்பந்திகள் என்று முடிவாயிற்று. மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் அண்ணாச்சி துண்டை எடுத்து மடித்துக்கொண்டார், டீச்சர் நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு வேகமாக நடந்தார். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்கிற வழக்கப்படி குட்டி அண்ணாச்சியிடம் இருக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. பிள்ளை தகப்பன் வீட்டுக்குத்தான் என்றது இன்னொரு கட்சி. குட்டி இரண்டு பக்கமும் போகவில்லை. அண்ணாச்சி கடை வாசலில் கட்டிப்போட்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. டீச்சர் வீட்டு முற்றத்தில் விட்டால் கேட்டை முட்டித் திறந்துகொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. கடைசியில் சொரிமுத்துதான் பேச்சை முடித்துவைத்தார்.

"தாய் படுத்துக் கெடந்தப்பல்லாம் பாத்தது யாரு? மைதீனு. அப்பம் புல்லட்டுக்கு அவன் அண்ணன் தம்பி முறை. குட்டிக்கு அவன்தாம்லா தாய்மாமன்? தாய்மாமன் வீட்டுல வளரட்டும்."

மைதீன் பிச்சை தாய்மாமனானது இப்படித்தான். வீட்டில் அவன் மனைவி ஆசியாவிடம் சொன்னபோது, அவள் மீன் கழுவிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே, "அப்பம் நான் மாமியா?" என்று கேட்டாள். அவன் ஆமாம் என்றான். "பெறவென்ன, மழைக்கு உள்ள கொண்டாந்து நிறுத்துங்க," என்றாள்.

குட்டி வளர்ந்தது. வளர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் தெரியாது. ஒரு நாள் கவனிக்கும்போது சீட்டு மூடியிருக்கும், அடியில் ஸ்டாண்டு முளைத்திருக்கும், இன்னொரு நாள் முகவிளக்கின் சவ்வு உரிந்து தரையில் கிடக்கும், செயின் ஓடுகிற சக்கரத்தின் பல் ஒவ்வொன்றாக விழுந்து அந்த இடத்தில் கெட்டியான பல் முளைத்திருக்கும். விழுந்த பல்லைச் சாக்கு தைக்கிற பெண்கள் கூரை மேல் எறிந்தார்கள். காலையில் அது மைதீன் பிச்சையோடு கூடவே ஒர்க்‌ஷாப்புக்கு வரும். அவன் நடப்பான், அது பக்கத்தில் மெதுவாக உருண்டு வரும், டீக்கடையில் அவன் நின்றால் அதுவும் நிற்கும். மத்தியானம் மார்க்கெட்டுக்குப் போய்த் தாயோடு நின்றுவிட்டு, பள்ளி விடுகிற நேரத்துக்கு டீச்சர் நடக்க நடக்கக் கூடவே வீடுவரை உருண்டுவிட்டுத் திரும்பும். டிராஃபிக் போலீஸ்காரர் ஒரு தரம் மறித்தார். நம்பர் எங்கே, லைசென்ஸ் எங்கே, ஓட்டுகிறவன் எங்கே என்று கேட்டார். ஓட்டுகிறவன் யாருமில்லை என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஓட்டினாத்தான கேஸ் போடணும் பாய். இது நடந்துலா போகுது," என்று விட்டுவிட்டார்.

அதன்மேல் யாரும் ஏறியதில்லை. ஏற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. மைதீன் பிச்சையும் அதில் ஒரு ஸ்குரூவைக்கூடத் திருகியதில்லை. மற்ற வண்டிகளை அவன் பிரித்துப் போட்டிருக்கும்போது அது வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும். அப்போதெல்லாம் அவனுக்குக் கூச்சமாக இருக்கும், கழற்றிய சிலிண்டரைத் துணி போட்டு மூடிவிடுவான். உள்ளே என்ன இருக்கும் என்று அவனுக்குள் அரித்துக்கொண்டேதான் இருந்தது. இருந்தாலும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அதன் பக்கம் போகக் கால் வரவில்லை.

ஐப்பசி மழை தொடங்கின சமயம், ஒரு நாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை.

முந்தின நாளே லேசாக இருமியது. மழையில் நனைந்ததால் இருக்கும் என்று ஆசியா பழைய போர்வையைப் போர்த்திவிட்டிருந்தாள். காலையில் தொட்டுப் பார்த்தால் எஞ்சின் கொதித்தது. மைதீன் பிச்சை முதன்முறையாக அதன் கிக்கரில் கால் வைத்தான். அசையவில்லை. கியரில் போட்டுத் தள்ளினான். பின்சக்கரம் தரையில் இழுபட்டதே ஒழியச் சுற்றவில்லை. வேறு எவன் வண்டியாக இருந்தாலும், பிஸ்டன் ஜாம் ஆகிவிட்டது, சாயங்காலம் வாங்க என்று சொல்லி அனுப்பியிருப்பான். இப்போது அப்படிச் சொல்ல வழியில்லை. ஜாம் ஆவதற்கு உள்ளே பிஸ்டன் என்று ஒன்று இருக்கிறதா என்பதே அவனுக்குத் தெரியாது.

தள்ளுவண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஊர் திரண்டது. கோயில் விபூதி வந்தது, தர்காவிலிருந்து மந்திரித்த கயிறு வந்தது, டீச்சர் சபையில் சொல்லி ஜெபம் வைத்தார். மார்க்கெட்டில் புல்லட்டும் அன்றிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை. எலுமிச்சைச் சாக்கு பக்கமும் போகாமல் நிறுத்தின இடத்திலேயே நின்றது. கொதிப்பு மட்டும் இறங்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு நாளில் குட்டியின் டேங்கில் நிறம் மங்கி, முகவிளக்கில் மறுபடி சவ்வு படர ஆரம்பித்தபோது, அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு மைதீன் பிச்சைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"என்னவே யோசிக்கிய? பிரிச்சுப் பாரும். உமக்குத் தெரியாத எஞ்சினா?"

"தெரியாததுதான் அண்ணாச்சி."

"புள்ளை சாகக் கெடக்கு. டாக்டர் வயித்தக் கிழிக்க மாட்டேன்னு சொல்லுவாரா?"

ஜெபமணி டீச்சர் நின்றுகொண்டே இருந்தார். "பிரிக்காதீங்க பாய். இது தானா ஓடினது. பிரிச்சுக் கோத்தா, அப்புறம் நீங்க கோத்ததுதான் ஓடும்."

"ஓடாம நிக்கதுக்கு அது தேவலைல்லா சம்பந்தி?" என்றார் அண்ணாச்சி.

"எது தேவலைன்னு எனக்கும் தெரியல," என்றார் டீச்சர். கணக்கு டீச்சர் வாயிலிருந்து தெரியவில்லை என்ற சொல்லை அந்தச் சந்து அன்றைக்குத்தான் கேட்டது.

மைதீன் பிச்சை ஆசியாவைக் கேட்டான். சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போக வந்தவள், குட்டியின் பக்கத்தில் போய் ஹேண்டில்பாரைத் தடவிக்கொடுத்தாள்.

"நீங்க பிரிச்சாலும் நாளைக்கு ஒரு பேச்சு, பிரிக்காட்டாலும் ஒரு பேச்சு. பேசுதவுக பேசட்டும். அது யாரப் பாத்துக்கிட்டு நிக்குன்னு மட்டும் பாருங்க."

முகவிளக்கு அவனைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தது. என்ன கேட்கிறது என்றுதான் தெரியவில்லை. பிரி என்கிறதா, வேண்டாம் என்கிறதா, அந்தச் சவ்வுக்குப் பின்னால் ஒன்றும் படிக்க முடியவில்லை.

மறுநாள் வெயில் ஏறின பிறகு அவன் கையைக் கழுவினான். வேலை முடிந்துதான் கை கழுவுவது வழக்கம், அன்றைக்கு முன்னாலேயே கழுவினான். பிஸ்மில்லா சொல்லி முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தான். சந்தில் வெல்டிங் சத்தம் நின்றது, சாக்கு ஊசிகள் நின்றன. நட்டு சுலபமாகக் கழன்றது. எஞ்சின் ஹெட்டைத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொண்டான் என்று பின்னால் சிலர் சொன்னார்கள், அது உண்மைதான். உள்ளே ஏதாவது துடிக்கும், ரத்தம் மாதிரி ஏதாவது வடியும், அல்லது ஒன்றுமே இல்லாத வெற்றுக் குழியாக இருக்கும் என்று அவன் பயந்தான். கண்ணைத் திறந்தான்.

பிஸ்டன் இருந்தது. சாதாரணப் பிஸ்டன். ரிங் ஒன்று உடைந்து, துணுக்கு சிலிண்டரின் உட்சுவரில் கீறல் போட்டு இறுகிக் கிடந்தது. வாரத்துக்கு ஒன்றாவது அவன் பார்க்கிற கேஸ்தான் அது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்தக் கம்பெனி முத்திரையும் இல்லை என்பதைத் தவிர வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை. அதிசயத்தைக் கண்டு கலங்க மாட்டோம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவன், அதிசயம் எதுவும் இல்லாததைக் கண்டு கலங்கிப்போய், கையில் அந்தப் பிஸ்டனோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன பாய், என்ன இருக்கு உள்ள?" என்றார் அண்ணாச்சி.

"எல்லா வண்டியிலயும் இருக்கதுதான்."

அதன் பிறகு நடந்ததெல்லாம் கைப்பழக்கம். லேத்துக்குக் கொண்டுபோய்ச் சிலிண்டரை உள்ளே கடைந்து போர் அடித்து, அளவுக்குப் புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டு, கேஸ்கட் மாற்றி, ஆயில் ஊற்றி, ஒவ்வொரு நட்டாக இறுக்கினான். மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் கிக்கரை மிதித்தான். மூன்றாவது மிதிக்கு ஓடிற்று. நீலப்புகை இல்லை. அடிச்சத்தத்தில் துடிப்பு இல்லை. தண்ணீர் மாதிரிச் சீராக, எந்தக் குறையும் சொல்ல முடியாதபடி ஓடிற்று. சந்து கைதட்டியது. மைதீன் பிச்சை பழக்கதோஷத்தில் இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அது வரவில்லை. நிறுத்தின இடத்தில் ஓடிக்கொண்டே நின்றது.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு ஊர் இரண்டாகப் பிரிந்து வந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று ஒரு கூட்டம் இனிப்போடு வந்தது. பிள்ளை போய்விட்டது என்று இன்னொரு கூட்டம் வெறுங்கையோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தது. இனிப்பு கொண்டுவந்தவர்கள் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்கள். சிரிப்பவர்களுக்கு முன்னால் அழுவது எப்படி என்று மற்றவர்களுக்கும் தெரியவில்லை. ஆசியா எல்லாருக்கும் ஒரே தேநீரைக் கொடுத்தாள், சர்க்கரை போட்டதா போடாததா என்று கேட்கவில்லை. பெரிய மனுஷனாயிட்டாம்லா, இனிமே தாய்மாமன் பின்னாலயா சுத்துவான் என்றார் சொரிமுத்து. அது சமாதானத்துக்குச் சொன்னதா நிஜமாகச் சொன்னதா என்று அவருக்கே தெரிந்திருக்காது. மறுநாள் காலையில் புல்லட் நன்றாக ஸ்டார்ட் ஆயிற்று என்று அண்ணாச்சி வந்து சொன்னார். மேட்டில் பறக்கிறது என்றார். குட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டும் தத்தம் ஸ்டாண்டில் நேராக நின்றன. எந்தப் பக்கமும் சாயவில்லை. அண்ணாச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி பாய், வண்டி உம்மகிட்டயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் இருப்பது என்று அவ்வளவு சண்டை போட்டவர்.

மழை வெறித்த ஒரு நாள் மைதீன் பிச்சை அதன்மேல் ஏறினான். ஏறும்போது, மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வந்தது. யாரிடம் சொல்வது என்று தோன்றி மூடிக்கொண்டான். மலையடிவாரம் போகிற தோட்டத்துப் பாதையில் ஓட்டினான். முறுக்கினால் முறுக்கிய அளவுக்கு வேகம், பிடித்தால் பிடித்த இடத்தில் நிறுத்தம். எலுமிச்சைத் தோப்புகளைக் கடந்தபோது அது திரும்பிப் பார்க்கவில்லை. வாய்க்கால் ஓரத்து வளைவு வந்தது. அங்கே வரும்போதெல்லாம் குட்டி தானாக விலகி, தவளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மைதீன் பிச்சை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான். வண்டி அவன் கடைசியாக எந்தத் திக்கில் வைத்திருந்தானோ அந்தத் திக்கில் நேராகப் போய், வளைவைத் தாண்டி வாய்க்காலுக்குள் இறங்கிற்று.

முட்டி சிராய்த்து, சட்டையெல்லாம் சேறோடு எழுந்தான். வண்டியைத் தூக்கி நிறுத்தி மிதித்தான். முதல் மிதிக்கே ஓடிற்று.

பள்ளி முடிந்து நடந்து வந்துகொண்டிருந்த ஜெபமணி டீச்சர் அவனை மெயின் ரோட்டு முக்கில் பார்த்துப் பதறி நின்றார்.

"என்ன பாய், இப்படிச் சேறு? வண்டிக்கு என்ன ஆச்சு?"

அவன் இறங்கி நின்றான். இத்தனை வருஷமாக அவன் முன்னால் வந்து நின்று, எங்கே என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாமல் விழித்தவர்கள் எல்லாரும் எந்தக் குரலில் பேசினார்களோ, அந்தக் குரல் அவனுக்கு வந்தது.

"நான் சொல்லுறத எல்லாம் கேக்குது, டீச்சர்."

 நல்லதுதானே என்று சொல்வதா, ஐயோ என்று சொல்வதா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. கையை நீட்டி மட்கார்டில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்தார். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிடலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றிற்று, இரண்டு பேருக்கும் கை வரவில்லை.